வெயிலில் விடக்கூடாது

“எங்க அண்ணன் பைலை எடுங்க சார். நான் படிச்சுப் பாக்கணும்.”

உட்காரச் சொல்லுமுன்பே கேட்டுவிட்டாள் செவந்தி. தயா நிலையத்து மேனேஜர் ஆத்மநாதன் டபராவில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது. திருக்கோகர்ணத்துக்கு வடக்கே, வீடுகள் முடிந்து பொட்டல் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த மனநோயாளர் நிலையம். பார்க்க வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், கொண்டுவந்த பழத்தை மேஜையில் வைப்பார்கள், ‘நல்லா இருக்கானுங்களா?’ என்பார்கள், ‘இருக்கான்’ என்றதும் போய்விடுவார்கள். பைலைக் கேட்ட முதல் ஆள் இவள்தான்.

எதைக் கேட்கவே கூடாது என்று ஆத்தா காலையில் பஸ் ஏறும்வரை கெஞ்சினாளோ, அதையே முதல் வாக்கியமாகக் கேட்டிருந்தாள். “போ, அவனப் பாரு. பணியாரத்தக் குடு. டாக்டரு வந்தாக் கும்புடு. காகிதத்தக் காட்டுங்கன்னு மட்டும் கேட்டுறாத தாயி. ஒங் கால்ல வேணாலும் விழுறேன்.” ஏன் என்று கேட்டதற்கு ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமன் பெரியகருப்பன் ஏதோ செய்திருக்கிறான், ஆத்தா அதை மூடி மறைக்கிறாள் என்று செவந்தி முடிவுகட்டினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

நான்கு நாளைக்கு முன் நிலையத்திலிருந்து ஒரு கார்டு வந்திருந்தது. அவள் அண்ணன் மலையாண்டி ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறான். மருந்துக்குக் குணம் தெரியவில்லை. வருகிற திங்கட்கிழமை சென்னையில் உள்ள பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு வேன் போகிறது. அதில் அவனை அனுப்பப்போகிறார்கள். அங்கே மின்சாரம் வைத்துச் சிகிச்சை, பிறகு அங்கேயே நிரந்தர வாசம். குடும்பத்தார் ஒருவர் வந்து சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அன்னவாசல் பி.டி.ஓ. ஆபீஸில் கிளார்க், பி.ஏ.; அந்தக் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் அவளேதான். கார்டை அவள் வாசிக்க ஆத்தா அழுதாள். செவந்தி அழவில்லை. நடுவில் இருந்த ஒரு வரியில் அவள் கண் நின்றுவிட்டது.

‘நோயாளி தம் நிழலைப் பகைவனெனக் கருதும் மனக்கோளாறு உடையவர்.’

யாரோ தமிழ் நன்றாகப் படித்தவன் எழுதிய வரி என்று முதலில் தோன்றியது. அடுத்த கணம் திக்கென்றது. நிழலா?

மலையாண்டி நிழலை என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். அன்னவாசலுக்கு மேற்கே அவர்கள் ஊர்க் கண்மாய்க்கு இரண்டு மடை. மேலமடைக்குக் கொஞ்ச நேரம், கீழமடைக்குக் கொஞ்ச நேரம் என்று தண்ணீர் முறை. முறை மாற்றிவிடுகிற நீர்ப்பாய்ச்சி வேலை அவள் அப்பனுடையது. அப்பன் செத்தபின் மலையாண்டியுடையது. நீர்ப்பாய்ச்சி வீட்டில் கடிகாரம் ஏது? வெயிலில் நிமிர்ந்து நிற்பான். தன் தலைநிழல் விழுகிற இடத்தில் ஒரு சின்னக் கல்லை விட்டெறிவான். அதுதான் குறி. பிறகு குதிங்காலும் பெருவிரலும் ஒட்டினாற்போல் அடிமேல் அடி வைத்து அந்தக் கல்வரைக்கும் அளப்பான். எட்டடி வந்தால் மேலமடையை அடைத்துக் கீழமடையைத் திறப்பான். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. அதில் ஊருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. யார் கெஞ்சினாலும் யார் ஏசினாலும் மடை அவன் காலடிக்குத்தான் திறக்கும்.

அதுவே வினையானது. ஐம்பத்துமூன்றாம் வருஷம், கண்மாயில் முழங்கால் தண்ணீர்கூட இல்லாத கோடை. மேலமடைப் பாசனத்தில் பெரிய பண்ணைக்காரரின் ஆட்கள் முறை முடிந்தும் அடைக்கவிடாமல் மறித்தார்கள். அவன் அடைத்தான். அடித்தார்கள். அவன் கையில் கல் எடுத்தான். மறுவாரத்துக்குள் ‘ஊமையனுக்குப் பைத்தியம் முத்திருச்சு’ என்று ஊர் பேசியது. மாமன் அவனைக் கூட்டிவந்து இங்கே விட்டான். “அங்க மூணு வேளைச் சோறு, மருந்து. எவனும் அடிக்கமாட்டான். இங்கின இருந்தா வெட்டிப் போட்ருவாங்ய” என்று சொன்னான். மடை மாமன் கைக்குப் போனது. செவந்திக்கு அப்போது பதின்மூன்று வயது. அதன்பின் ஆஸ்டல், திருச்சியில் காலேஜ், உபகாரச் சம்பளம், வேலை, அன்னவாசலில் வாடகைக்கு ஒரு ஒற்றை அறை.

வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து பார்ப்பாள். சொந்தக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல்தான் அனுமதி. மங்கல் விளக்கில் அண்ணன் சோர்ந்து உட்கார்ந்திருப்பான். புத்தி சரியில்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள். காலேஜில் ‘கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?’ என்று கேட்டவர்களிடம் ‘நான் ஒருத்திதான்’ என்று சொன்னாள். அதையும் மறைப்பதற்கில்லை.

இன்று சனிக்கிழமை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை திருச்சியிலிருந்து டாக்டர் வருகிறார் என்று தெரிந்து, காலையிலேயே வந்து நின்றாள்.

ஆத்மநாதன் காபியைக் குடித்து முடித்தார். துண்டால் மீசையைத் துடைத்தார்.

“பைலெல்லாம் வெளியாளுக்குக் காட்டுற வழக்கம் இல்லம்மா.”

“கூடப் பொறந்தவ வெளியாளா?”

“சம்மதம் போடுங்க, போங்க. இதா, இந்த எடத்துல. பென்சில் குறி போட்டிருக்கு பாருங்க.”

“படிக்காத காகிதத்துல எங்க ஆத்தா கைநாட்டு வைக்கும் சார். அதுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

ஆத்மநாதன் அவளை மேலும் கீழும் பார்த்தார். கதவோரம் கூட்டிக்கொண்டிருந்த ஆயாவைப் பார்த்து, “மூக்காயி, கேட்டியா? நாட்டுல பொண்ணுகள்லாம் பி.ஏ. படிச்சா நாம கடைய மூடிட்டுப் போகவேண்டியதுதான்” என்றார்.

“மூடுங்க” என்றாள் செவந்தி. “கையெழுத்து இல்லாம வேன்ல ஏத்த முடியாதுல்ல? அப்ப பைலை எடுங்க.”

மூக்காயி விளக்குமாற்றைத் தரையில் தட்டி, சிரிப்பை அந்தச் சத்தத்தில் ஒளித்தாள். ஆத்மநாதன் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். பைலை எடுத்துத் தூசி தட்டி மேஜையில் போட்டபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. அவர் சிரித்த மாதிரி இருந்தது. ஏன் சிரிக்கிறார் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

முதல் பக்கம் இங்கிலீஷில் இருந்தது. 1953 ஜூலை. பெயர், வயது, ஊர். கீழே ஆறு வரி. அவள் நின்றபடியே வாசித்தாள். ‘எவருடனும் பேசுவதில்லை. கேள்விகளுக்குப் பதில் தர மறுக்கிறார். வேண்டுமென்றே மௌனம். தன் நிழலை எதிரி என்று நம்புகிறார், அதன்மேல் கல்லெறிகிறார், மிதிக்கிறார். ஸ்கிசோப்ரீனியா. வெயிலில் விடக்கூடாது.’

கடைசி வரியில் அவள் தடுக்கி நின்றாள்.

“வெயில்ல விடக்கூடாதுன்னா?”

“நெழலக் கண்டா வெறி வருதுல்ல? அதான். காலைல பொழுது ஏறுறதுக்கு முன்னாடி ரூமுக்குள்ள விட்டு வெளித் தாழ்ப்பாப் போட்டுருவோம். பொழுது எறங்குனதும் தெறந்து விட்ருவோம். சன்னலுக்குச் சாக்கு. ஒரு நாளு தவறுனது கிடையாது” என்றார் ஆத்மநாதன். அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

ஒன்பது வருஷம். விடியுமுன் கண்மாய்க் கரையில் நிற்கிற மனிதனை ஒன்பது வருஷம் வெயில் படாமல் வைத்திருக்கிறார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் என்று ஏன் வரச்சொன்னார்கள் என்பது இப்போது விளங்கியது.

பக்கங்களைத் திருப்பினாள். மாதத்துக்கு இரண்டு வரி. மாறுதல் இல்லை. மாறுதல் இல்லை. மாறுதல் இல்லை. பாதிக்கு மேல் அந்த இரண்டு வார்த்தையை எழுதக்கூட யாரும் மெனக்கெடவில்லை. மேலே உள்ளதுதான் என்பதற்கு இரண்டு புள்ளி வைத்திருந்தது. ஐம்பத்தேழிலிருந்து மாத்திரை; பிறகு இரட்டை மாத்திரை. வேறு எதையோ தேடித் தேடிப் பார்த்தாள். அது இல்லவே இல்லை.

“சார், இதுல எங்கயுமே காது கேக்காதுன்னு எழுதலையே?”

“யாருக்குக் காது கேக்காது?”

செவந்தி நிமிர்ந்தாள். ஆத்மநாதன் நிஜமாகவே கேட்டிருந்தார்.

“எங்க அண்ணனுக்கு.”

“மலையாண்டிக்கா? அவன் திமிர் புடிச்சவன்ல. கூப்புட்டாத் திரும்பமாட்டான்.”

“பொறவிச் செவிடு சார் அவன்!”

மூக்காயி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள்:

“அது எனக்கு வந்த மறுநாளே தெரியும் தாயி. தட்டு கீழ விழுந்தா அம்புட்டுப் பேரும் திரும்புவாக. அது ஒண்ணுதான் திரும்பாது.”

“ஏன் சொல்லல?” என்றாள் செவந்தி. குரல் கீச்சென்று வந்தது.

“யாரு கேட்டாக? டாக்டருக்குத் தெரியாததா கூட்டுறவளுக்குத் தெரியப்போகுதுன்னு இருந்தேன்.”

“ஏய், வேலையப் பாரு” என்றார் ஆத்மநாதன். ஆனால் அவர் குரல் இறங்கியிருந்தது. டாக்டர் பழனிச்சாமி உள்ளே வந்தது அப்போதுதான். ஐம்பது வயது, கசங்கிய கோட்டு, இன்னும் முப்பது பேரைப் பார்த்துவிட்டு நாலு மணி ரயிலைப் பிடிக்கவேண்டிய முகம். ஆத்மநாதன் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மிஸ், நோயாளி பேசாதபோது குடும்பத்தார் தருகிற வரலாறுதான் எங்களுக்கு ஆதாரம். உங்கள் குடும்பம் எழுதிக் கொடுத்ததைத்தான் நான் இங்கிலீஷில் எழுதினேன். அதில் செவிடு என்று இல்லை.”

“எழுதிக் குடுத்ததா? எங்க வீட்டுல யாரு சார் எழுதுறது? எங்க மாமனுக்குக் கையெழுத்தே தெரியாது.”

“பைலின் கடைசியில் இருக்கிறது. பாருங்கள்.”

கடைசியில் ஒரு கோடுபோட்ட தாள். பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டிலிருந்து கிழித்தது. ஓரத்தில் நூல் தைத்த ஓட்டைகள். ஊதா மை. ஒவ்வொரு எழுத்தும் குண்டுகுண்டாக, கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ‘ழ’வின் வால் மட்டும் தேவைக்கு மேல் சுழித்திருந்தது. அப்படிச் சுழித்தால் அழகு என்று எட்டாம் வகுப்பில் அவள் ஒருத்திதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

‘மாட்சிமை தங்கிய ஐயா அவர்கட்கு, அடியேன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. எம் தமையனார் மலையாண்டி எவரிடத்தும் வாய் திறவார். வினவியதற்கு விடை பகரார். தம் நிழலைப் பகைவனெனக் கருதி, அதன் தலைமீது கல்லெறிந்து, அடிமேல் அடிவைத்து மிதித்துச் செல்வார்...’

செவந்தி இரண்டாவது தடவை வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையில்லை. மீதி எல்லாம் மனப்பாடமாக வந்தது.

அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மாமன் எதிரே குத்தவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது ஊரில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். மாட்டுக் கடன் மனு, கிணற்று மனு, பட்டா மனு. இதுவும் ஒரு மனு. அண்ணனுக்கு சர்க்கார் உதவி கிடைக்கும் என்று மாமன் சொல்லியிருந்தான். “பேசமாட்டான், கேட்டாப் பதில் சொல்லமாட்டான்னு எழுது. நெழலப் பாத்துக் கல்லெறியிறான்னு எழுது. கொஞ்சம் கூட்டியே எழுது புள்ள, அப்பத்தான் எரக்கப்படுவாக.” காது கேட்காது என்று எழுத வேண்டுமென்று மாமனுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. வானத்தில் சூரியன் இருக்கிறது என்று யாராவது மனுவில் எழுதுவார்களா? மலையாண்டிக்குக் காது கேட்காது என்பது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தது உலகத்துக்குத் தெரியும் என்று இருந்தார்கள்.

‘பகைவன்’ மாமன் சொன்னதல்ல. அது அவளுடையது. அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் தற்குறிப்பேற்ற அணி நடத்தியிருந்தார்கள். இயல்பாக நடக்கிற ஒன்றின்மேல் புலவன் தன் கற்பனையை ஏற்றிச் சொல்வது. சொந்த உதாரணம் ஒன்று எழுதிவாருங்கள் என்றார் தமிழய்யா. நிழலை அளக்கிற அண்ணனின்மேல் அவள் ஏற்றிப் பார்த்தாள். வகுப்பில் வாசித்தபோது கைதட்டினார்கள். சரி, நன்றாக இருக்கிறதே என்று மனுவிலும் சேர்த்துவிட்டாள்.

அதை ஒருவர் இங்கிலீஷில் பெயர்த்து, கீழே நோயின் பெயரை எழுதியிருந்தார்.

“காகிதத்தக் கேக்காத தாயி” என்று ஆத்தா வாயைப் பொத்தியது மாமனைக் காப்பாற்ற அல்ல.

“எங்களுக்கும் தெரியும்மா, அது ஒங்க கையெழுத்துன்னு” என்றார் ஆத்மநாதன். “அன்னிக்கு ஒங்க மாமா சொன்னாரு, ‘எங்க வீட்டுப் பாப்பா எழுதுனது, எம்புட்டு அழகா எழுதியிருக்கு பாருங்க’ன்னு. நீங்களே எழுதுவீங்க, நீங்களே வந்து எவன் எழுதுனதுன்னு சண்டைக்கு நிப்பீங்க. நல்ல படிப்பும்மா.”

செவந்தி முழங்கையில் தொங்கிய பணியாரத் தூக்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“ஆமா, நான்தான் எழுதுனேன்” என்றாள். “எனக்கு அப்பப் பதிமூணு வயசு. ஒங்களுக்கு என்ன வயசு டாக்டர்?”

டாக்டர் முகம் சிவந்தது.

“அவனக் கூட்டிட்டு வாங்க” என்றாள்.

மூக்காயி யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. தாழ்ப்பாள் இழுபடும் ஓசை கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மலையாண்டி வாசலில் வந்து நின்றான். முப்பத்திரண்டு வயது. தலை பாதி நரைத்திருந்தது. கறுத்த உடம்பு வெளிறி, ஈரச் சுவரின் நிறத்துக்கு வந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் இதெல்லாம் அவள் பார்த்ததே இல்லை. அவன் கண்ணைச் சுருக்கி, அவளைக் கண்டுகொண்டு, மூக்கின் வலது பக்கத்தைத் தொட்டான். மூக்குத்தி. வீட்டில் அவளுக்கு அவன் வைத்திருந்த பெயர்.

செவந்தி மேஜைமேல் இருந்த பித்தளை மணியை எடுத்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் போய், தலைக்கு ஒரு சாண் தூரத்தில் ஓங்கி அடித்தாள். அடுத்த அறைகளிலிருந்து யாரோ கத்தினார்கள். ஆத்மநாதன் காதைப் பொத்தினார். மலையாண்டி அசையவில்லை. மேஜையின்மேல் இருந்த பணியாரத் தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடி அடித்தாள். மறுபடியும்.

“போதும்” என்றார் டாக்டர். எழுந்து வந்து அவனுடைய காதுகளைப் பார்த்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அவர் அவனைத் தொட்டது இதுதான் முதல் தடவை என்று மூக்காயியின் முகத்தில் எழுதியிருந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

“செவிடுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செவிடனுக்கு மனநோய் வராது என்று இல்லை. அந்த நிழல் விஷயம் இருக்கிறதே.”

“அது நீர்முறை சார். அடி அளக்குறது. எங்க பக்கத்துல எந்தக் குடியானவனக் கேட்டாலும் சொல்லுவான். வெளிய வாங்க, காட்டுறேன்.”

“வெயில்ல...” என்று ஆரம்பித்தார் ஆத்மநாதன்.

“வாங்க” என்றாள்.

முற்றத்தில் மணி பத்து வெயில். மலையாண்டி படியிறங்கியதும் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணீர் வடிந்தது. செவந்தி அவனுக்கு முன்னால் போய் நின்று, கையால் கதவு தூக்குவது போல் தூக்கிக் காட்டினாள். மடை. பிறகு காலைக் காட்டினாள். அவன் வாயைத் திறந்து அவளைப் பார்த்தான். புரிந்துகொண்டான். அந்த முகத்தில் வந்தது பயம் அல்ல, வெறி அல்ல. கூப்பிட்டு வேலை கொடுத்தால் ஒருவனுக்கு வருமே, அது.

குனிந்து கல் பொறுக்கினான். நிமிர்ந்து நின்றான். தலைநிழல் விழுந்த இடத்தில் கல்லைப் போட்டான், சரியாக விழுந்தது. செவந்தி மூச்சுவிட்டாள். வலது காலை எடுத்து வைத்தான். இடது காலை எடுத்தான். பெருவிரலைக் குதிங்காலில் சேர்க்கவேண்டும். கால் வெடவெடவென்று நடுங்கியது. சேரவில்லை. விலகி விழுந்தது, சேர்த்தான், மறுபடி விலகியது. மூன்றாவது அடியில் முழங்கால் மடங்கி மண்ணில் விழுந்தான். எழுந்து முதல் இடத்துக்கே திரும்பி வந்தான். மறுபடி கல் பொறுக்கினான். மறுபடி விழுந்தான்.

“பார்த்தீர்களா” என்றார் டாக்டர். “பதற்றம். திரும்பத் திரும்ப ஒரே செய்கை.”

“அது ஒங்க மாத்திர சார்! கால் நடுங்குறது தெரியல?”

“அந்த மருந்தில் சிலருக்கு நடுக்கம் வருவது உண்டு” என்றார் டாக்டர். மலையாண்டி மண்ணில் உட்கார்ந்து தன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். விரல்களை ஒவ்வொன்றாக எண்ணி, அளவு குறைந்தது எங்கே என்று தேடுகிறவனைப் போல. செவந்தியைப் பார்த்துக் கையை விரித்தான். வரவில்லை என்பதற்கு வீட்டில் அதுதான் சைகை.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் டாக்டர் குரலைத் தணித்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு அவளுடைய முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

“ஒன்று செய்யலாம் மிஸ். இப்போது நீங்கள் சொன்னதையெல்லாம் ஒரு புது வாக்குமூலமாக எழுதிக் கொடுங்கள். நீர்முறை, செவிடு எல்லாம். விவரமாக. நீங்கள்தான் நன்றாக எழுதுகிறீர்களே. அதைப் பைலோடு சேர்த்துச் சென்னைக்கு அனுப்புகிறேன். அங்கே மூன்று மாதமோ ஆறு மாதமோ வைத்துப் பார்த்து, நோய் இல்லை என்று அவர்கள் நினைத்தால்...”

“அதுக்குள்ள கரண்டு வைப்பாங்களா?”

“அது அவர்கள் முடிவு. பழைய குறிப்பு இருக்கும்வரை அதன்படிதான்.”

ஆத்மநாதன் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். மூடியைக்கூடத் திறந்து வைத்தார். “எழுதுங்கம்மா. ஒங்களுக்கு வராத எழுத்தா?”

செவந்தி பேனாவை எடுத்தாள். பழக்கம் கையை இழுத்தது. ‘மாட்சிமை’ என்று தொடங்கவேண்டியதில்லை, இப்போது இங்கிலீஷிலேயே எழுதலாம், சட்டம் பேசலாம், பி.டி.ஓ. ஆபீஸில் அவள் எழுதுகிற குறிப்பைப் பெரிய அதிகாரிகளே திருத்துவதில்லை. அவள் எழுதினால் அவர்கள் நம்புவார்கள். போன தடவையும் நம்பினார்களே! ஒருவர்கூட எழுந்துபோய் அந்த மனிதனைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தார்கள். இந்தத் தாளையும் பார்ப்பார்கள். இதன்கீழும் இரண்டு புள்ளி வைப்பார்கள்.

பேனாவை மூடினாள்.

“எழுத முடியாது.”

“அப்ப சம்மதத்துல போடுங்க.”

“அதுவும் முடியாது. அவன நான் கூட்டிட்டுப் போறேன்.”

“எங்க?” என்றார் ஆத்மநாதன், சிரித்துக்கொண்டே. “ஊருக்கா? அங்க வெட்டுவாங்க. ஒங்க மாமா மடைய விடுவாரா? இல்ல, நீங்க வாடகைக்கு இருக்குற ஒத்த ரூமுல, வயசுப்பொண்ணு, பைத்தியக்கார அண்ணன வச்சுக்கிட்டு... நாளைக்கு எவன் ஒங்களப் பொண்ணு கேட்டு வருவான்? யோசிச்சீங்களா?”

“வர்றவன் வரட்டும், வராதவன் போகட்டும்” என்றாள். “தாழ்ப்பாள் இல்லாத ரூமு. அது போதும்.”

“மருந்தைத் திடீரென்று நிறுத்தக்கூடாது” என்றார் டாக்டர். எழுந்து நின்றுவிட்டார். “படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். அதையாவது கேளுங்கள்.”

அந்த ஒன்றை மட்டும் நின்று கேட்டாள். எத்தனை மாத்திரை, எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லச் சொல்ல மனதில் வாங்கிக்கொண்டாள். அவர் எழுதித் தருகிறேன் என்றார். “வேணாம், ஞாபகம் இருக்கும்” என்றாள். ஆனால் மாத்திரைப் புட்டியை வாங்கிக்கொண்டாள்.

“ஒங்க மாமா கொண்டுவந்து விட்ட ஆளு, அவரு வந்துதான் கூட்டிட்டுப் போகணும்! நிலையத்துக்குன்னு ரூல் இருக்கு! போலீசுக்குச் சொல்லுவேன்!” ஆத்மநாதனின் குரல் ஏறியது.

“சொல்லுங்க. வந்து கேக்கட்டும். ஒம்பது வருசம் ஒரு செவிடனக் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்து, திரும்பலன்னு பூட்டி வச்ச கதைய நீங்க சொல்லுங்க. ஒரு பொட்டப்புள்ள கட்டுரை எழுதி அண்ணனப் பைத்தியமாக்குன கதைய நான் சொல்லுறேன். ரெண்டு பேரும் சேந்தே சொல்லுவோம்.”

மூக்காயி அதற்குள் அவனுடைய வேட்டி, துண்டு இரண்டையும் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். “இம்புட்டுத்தான் தாயி அதோட சொத்து” என்று கையில் கொடுத்தாள். “சோத்தக் கையில குடுக்காத. தட்டுல வையி. அதுக்கு அதுதான் புடிக்கும்.”

“ஏ மூக்காயி, நாளைலருந்து நீ வேலைக்கு வராத!”

“வரலைங்க” என்றாள் மூக்காயி.

மலையாண்டி படியில் உட்கார்ந்து, மூக்காயி எடுத்துக் கொடுத்திருந்த பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தான். செவந்தி அவன்முன் போய் நின்றாள். என்ன சொல்வது? நான்தான் எழுதினேன் என்பதற்கு அவர்களுக்குள் சைகை கிடையாது. எழுத்து என்பதே அவன் அறியாத ஒன்று. கையைப் பேனா பிடிப்பது போல் வைத்துக் காற்றில் கிறுக்கினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். அந்த அறையைக் காட்டினாள். அவன் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. மீதியிருந்த ஒரு பணியாரத்தை அவள் பக்கம் நீட்டினான்.

அவள் வாங்கித் தின்றாள். தின்று முடித்து, அவன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள்.

கேட்டுக்கு அறுபது எழுபது கெசம் இருக்கும். அவனுடைய நடை தள்ளாடியது. அவள் இழுக்கவில்லை, அவன் வேகத்துக்கு நடந்தாள். பின்னால் ஆத்மநாதன் என்னவோ விதி எண் சொல்லிக் கத்திக்கொண்டு வந்தார். ஆத்தாவிடம் இன்றைக்கே சொல்லிவிடவேண்டும், காகிதத்தைப் பார்த்தாயிற்று என்று. வீட்டுக்காரரிடம் இன்னொரு பாய் கேட்கவேண்டும்.

காவல்காரன் மேனேஜரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டைத் திறக்காமல் நின்றான். செவந்தி அவனை ஒதுங்கச் சொல்லவில்லை. அண்ணனின் துணிமூட்டையைக் காவல்காரனின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கேட்டை இழுத்துத் திறந்தாள். மூட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மலையாண்டியை முதலில் வெளியே விட்டு, தானும் போனாள்.